ஆள் கணக்கில் ஒருத்தி அதிகம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடற்கரை நகரத்தின் பழைய பகுதியை நடந்தே சுற்றிக்காட்டும் குழுவில் சேரப் போனேன். குடை பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடந்தேன். கோட்டை வாசலில் எல்லோரும் அத்தை, சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்ட பிறகுதான், அது ஒரே குடும்பத்தின் தனிச் சுற்றுலா என்று புரிந்தது. சொல்ல வெட்கம். கூடவே போனேன்.

உள்ளே பீரங்கிகள் கடலை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து நின்றன. ஏன் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"கப்பல்ல வர்றவனைவிட உள்ளூர்க்காரன் மேலதான் பயம்" என்றார் வழிகாட்டி.

கலங்கரை விளக்கத்தில் ஏறுமுன் ஆட்களை எண்ணினார். ஒருவர் அதிகம். மறுபடி எண்ணினார். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தாங்க அதிகம்."

மூத்த அத்தை சிரித்தார். "பீரங்கியப் பத்திக் கேட்டப்பவே தெரியும்மா. எங்க ஆளுங்க சாப்பாடு எப்பன்னு மட்டும்தான் கேப்பாங்க. ஏறு, வா!"

உச்சியில் இருந்த ஒரு புகைப்படக்காரர் எடுத்துக் கொடுத்த படம் இதோடு இருக்கிறது. என்னை நடுவில் இழுத்து நிறுத்திவிட்டார்கள்.

நீ தைத்த தலையணை உறை ஒன்று அனுப்பு. இங்கே வாங்கியது சொரசொரக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது. படத்தில் இருப்பவர்கள் யாரென்று அப்பா கேட்டால், என் ஆபீஸ் சிநேகிதர்கள் என்று சொல்லிவிடு.

உன் மகள்