மரம் உண்டு, மண் இல்லை

ஸைதா,
ஏப்ரல் 14, ஞாயிறு

என் அன்பு மகள் ரனாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடி இருக்க ஆண்டவனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுத வந்த கை கொஞ்சம் நின்றுவிட்டது. இருக்கிறோம் என்பதோடு வைத்துக்கொள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று பதறாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து உன் அப்பா என்னைவிட்டு நகர்வதே இல்லை. உன்னோடு நான் பேசினால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். குரல் செய்தி அனுப்பினாலோ, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். எதிர்வீட்டு ஹனாதி மொன்ட்ரியால் புறப்படுகிறாள் என்று தெரிந்ததும், அவள் பெட்டியில் ஆரஞ்சுப் பூ நீர் இரண்டு புட்டியும் இந்தக் கடிதமும் வைக்க இடம் கேட்டேன். இதைப் படித்ததாக அப்பாவிடம் மூச்சு விடாதே.

இந்த வருஷம் நம் தோப்பில் பூ நிறைய. லமா இரண்டு நாள் வந்து உதவினாள். மீதியை நானே பறித்து, நானே காய்ச்சி இறக்கினேன். முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறது. ஜெனரேட்டர்காரன் கரண்ட்டில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் குறைத்துவிட்டான். பேரனுக்குக் கம்பளிச் சட்டை பின்னி வைத்திருந்தேன், ஹனாதியின் பெட்டியில் அதற்கு இடமில்லை. அடுத்த முறை பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா பெயரளவில் ஷியா ஆன கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். போன அக்டோபரில் போனில் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். மகன் இல்லாத ஸுன்னி ஆண்கள் இங்கே காலம் காலமாகச் செய்வதுதானே. நம் முறைப்படி சொத்தை இருபத்துநான்கு பங்காக்கினால் மகள்கள் உனக்கும் லமாவுக்குமாகப் பதினாறு, மனைவி எனக்கு மூன்று, மிச்சம் ஐந்து உன் சித்தப்பா பஹீஜுக்கு. ஷியா முறையில் மகள்கள் இருந்தால் தம்பி கிட்டவே வர முடியாது. ஒரே ஊர், ஒரே வேதம், அடக்கம் செய்கிற மய்யித்தும் ஒன்றுதான். எந்தப் பிரிவின் பதிவு ஜன்னலில் பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பங்கு மாறுகிறது.

உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு இதில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. விடாமல் கரைச்சல் கொடுத்தவள் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த வாரமே ஆரம்பித்துவிட்டேன். பஹீஜ் நல்லவர்தான், ஆனால் அவருக்கு மூன்று மகன்கள், மூவருக்கும் வீடு இல்லை, நாளைக்கு இந்தத் தோப்பில் வந்து கயிறு பிடித்து அளந்தால் நான் எங்கே போவேன் என்று அழுதேன். உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றால், பதிவுக் கட்டணம் கட்ட வேண்டிய பணம் வங்கியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. மதப் பிரிவை மாற்றுவதற்குச் செலவே இல்லை. நாலு காகிதம், இரண்டு சாட்சி.

அன்றைக்கு நான் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டேன், உன் நிச்சயத்துக்குப் போட்டதை. ஷியா நீதிமன்றத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் மரியாதையானவன். அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும், "இந்த மாசத்துல நீங்க ஆறாவது ஆளு, ஹாஜி. உங்களுக்கும் பொண்ணுங்கதானா?" என்று கேட்டான். திரும்பும் வழியில் கடற்கரையில் நிறுத்திச் சோளம் வாங்கித் தின்றோம். கல்யாணமான புதிதில் தின்றதற்குப் பிறகு இப்போதுதான்.

மறுநாளும் அவர் எப்போதும் போல, ஸுன்னி வழக்கப்படி கைகட்டித்தான் தொழுதார். எதுவும் மாறவில்லை. பஹீஜ் வருவதுதான் நின்றுபோனது. வெள்ளிக்கிழமைதோறும் தன் கடையிலிருந்து இனிப்புப் பெட்டி எடுத்து வருகிற மனிதர், ஐந்து மாதம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் கவலைப்பட்டேனா? இல்லை. நிம்மதியாக இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நோன்புப் பெருநாள் மாலை பஹீஜ் வந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பஹீஜ் இனிப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்தப் பங்கை அவர் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டாராம். அண்ணன் போன மூன்றாம் நாளே நீதிமன்றத்துக்குப் போய் விட்டுக்கொடுத்து எழுதித் தந்திருப்பாராம். "பங்கு கேட்டு உங்க வாசல்ல வந்து நிப்பேன்னு அண்ணன் நெனச்சுட்டாரேன்னுதான் அண்ணி எனக்கு. சட்டம் எனக்கு அந்தப் பங்கைச் சும்மா தரல. உங்களையெல்லாம் பாத்துக்கற பொறுப்போடதான் தந்துச்சு. இப்போ ரெண்டுமே இல்லேன்னு ஆயிடுச்சு" என்றார்.

அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே இருக்கலாம். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒன்பது நாள் கிடந்தவர் அவர்தான். ஆனால் மூன்று மகன்கள் இருக்கிற வீட்டில் அவர் ஒருவர் சொல் மட்டும் செல்லுமா? அதுவும் எனக்குத் தெரியாது.

படியில் இறங்கும்போது திரும்பி நின்று இன்னொன்று சொன்னார். குத்திக் காட்டவில்லை, ரனா. குரல் இறங்கித்தான் சொன்னார்.

"எங்க முறையில உங்களுக்கு எட்டுல ஒண்ணு இருந்துச்சு அண்ணி. மண்ணோட சேத்து. அதை நான் எடுக்கல. அதையாவது தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை. மறுநாள் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மருந்துக் கடையிலிருந்தே அந்த நீதிமன்ற இளைஞனுக்குப் போன் செய்தேன். அவன் அப்போதும் மரியாதையாகத்தான் பேசினான். ஆமாம் அம்மா, எங்கள் முறையில் மனைவிக்கு நிலத்தில் பங்கு கிடையாது. கட்டடத்துக்கும் மரங்களுக்கும் விலை போட்டு, அந்த விலையில் எட்டில் ஒன்று கொடுப்பார்கள். நிலம் மகள்களுக்கு. "அன்னைக்கே நீங்க யாரும் கேக்கலியே அம்மா" என்றான்.

கேட்கவில்லைதான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த ஐந்தை எப்படி இல்லாமல் செய்வது என்று மட்டும் பார்த்தேன். என் மூன்று எங்கே போகிறது என்று பார்க்கவே இல்லை.

இந்த மண்ணை வாங்கிய வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ என் வயிற்றில் இருந்தாய். என் கல்யாண வளையல் ஆறும் அதில்தான் போயின. பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும் போட்டோம், எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். மரம் ஒவ்வொன்றும் நான் வைத்தது. இப்போது மரத்தில் எனக்குப் பங்கு உண்டாம், மரம் நிற்கிற மண்ணில் இல்லையாம். வீட்டுச் சுவரில் உண்டாம், சுவருக்கு அடியில் இல்லையாம். அன்று மருந்துக் கடை வாசலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். அழவில்லை. அழவும் தெம்பு வேண்டும்.

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். மதம் சாராத பதிவுக் கல்யாணம் இங்கே கிடையாது என்று சைப்ரஸில் போய்ச் செய்துகொண்டு வந்த அந்த வருஷப் பெருநாள் சாப்பாட்டில் நீ சித்தப்பாவோடு மல்லுக்கு நின்றாயே. எல்லாருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்றாய். ஆண்டவன் பிரித்துக் கொடுத்ததை நாடாளுமன்றம் கூடி மாற்றுமா என்று அவர் கேட்டார். "எந்த ஆண்டவன் சித்தப்பா? உங்க ஜன்னல்ல இருக்கறவரா, பக்கத்து ஜன்னல்ல இருக்கறவரா?" என்றாய். "பிரிவுக்கு ஒண்ணா வாசல் பதினெட்டு இருக்குன்னு வீட்டையே இடிக்கச் சொல்றியா?" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அப்பா நடுவில் புகுந்து, இந்த நாட்டில் கல்யாணம் பண்ணக் கடல் தாண்டணும், சாவதை மட்டும் இங்கேயே சாகலாம் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான்தான் உன்னை வாயை மூடச் சொன்னேன். இப்போது பார்த்தால் சாவதற்கும் சரியான ஜன்னலாகப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

அன்று நீ சொன்னதுதான் சரி என்று எழுத வரவில்லை, மகளே. தவறு என்றும் எழுத வரவில்லை. நான் ஐந்து வேளையும் தொழுகிறவள். ஆண்டவனோடு எனக்குச் சண்டை கிடையாது. அவன் கொடுத்த பங்கை விட்டு ஓடி, அவன் பெயராலேயே இன்னொரு பங்கை வாங்கிக்கொண்டு, இரண்டும் அவன் சட்டம்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உன் நாடாளுமன்றம் வந்து ஒரே சட்டம் போட்டாலும் அதற்கும் ஒரு ஜன்னல் இருக்கும், அதிலும் எதையோ கேட்க மறந்துவிடுவேன். எது நியாயம் என்று யோசித்தால் எனக்கு அசதிதான் வருகிறது. எனக்கு வேண்டியது சட்டம் இல்லை, காலை வைத்து நிற்கக் கொஞ்சம் இடம்.

அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பாய். இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை பக்கத்து வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். அப்பா அவர்களுக்குக் காப்பி ஊற்றியபடி, "இனி எனக்கென்ன? என் மூணு பொம்பளைங்களையும் கரை சேத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூணு என்று விரலை நீட்டிக் காட்டினார், ரனா. இரண்டாவது முறை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு மத்தியானத்தில் அவர் அப்படிக் குறட்டை விட்டுத் தூங்குவது இந்த ஆறு மாதமாகத்தான். டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று உனக்குத் தெரியும். என்னைத் தன் கையாலேயே வெளியே நிறுத்தியிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் அந்த மனிதரின் இதயம் தாங்காது. அவர் தூங்கட்டும்.

இதையெல்லாம் நானே சுமந்துவிட்டுப் போயிருப்பேன். போன வெள்ளிக்கிழமை லமாவும் தலாலும் வந்தார்கள். மருமகன் தங்கமானவர், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. தேநீர் குடித்துவிட்டுத் தோப்புக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்து வேலியிலிருந்து கிணறு வரை நடந்தார். உள்ளே வந்து, இந்த இடத்தில் ஏழு மாடி தாராளமாக வரும் என்றார். எப்போதோ ஒருநாள் வரப்போவதைத்தான் சொன்னார், அவசரம் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "உங்களுக்குக் கீழ்த்தளத்துலயே ஒரு ரூம் வெச்சிடலாம் மாமி, முழங்காலோட நீங்க ஏன் படி ஏறணும்?" என்று சேர்த்துக்கொண்டார். அன்போடுதான் சொன்னார். லமா குனிந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ரூம். ஆறு வளையல், நாற்பது மரம், ஒரு ரூம்.

லமாமேல் எனக்குக் கோபம் இல்லை, நீயும் கோபப்படாதே. அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தலாலுக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் அப்பாவுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் கடல் தாண்டி இருக்கிற உனக்கு எழுதுகிறேன். அக்காவும் தங்கையும் சண்டை போட இது காரணமாகக் கூடாது. பஹீஜுக்கும் ஒரு போன் போடு, பெருநாள் வாழ்த்து சொல்லவில்லை என்ற சாக்கில். அந்த மனிதர் இந்தப் பெருநாளில் மிகவும் வயதானவராகத் தெரிந்தார்.

அப்பாவுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், எனக்கு முன்னால் அவரைக் கொண்டுபோகாமல் இருக்கட்டும். அப்படி நான் முந்திப் போய்விட்டால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை, கிழித்துப் போட்டுவிடு. ஆனால் அவன் கணக்கு வேறாக இருந்தால், இந்த மண்ணில் மாடி கட்டச் சம்மதம் கேட்டு ஒருநாள் உன் கைக்கு ஒரு காகிதம் வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டு அனுப்பியிருப்பார்கள். நீ வேலையில் இருப்பாய், குழந்தை அழுதுகொண்டிருக்கும், ஒரு நிமிஷ வேலைதானே என்று தோன்றும். அந்த ஒரு நிமிஷம் பேனாவைத் தொடாதே, கண்ணே. டிக்கெட் போட்டு முதலில் இங்கே வா. வசந்தத்தில் வா, பூ இருக்கும்.

உன் வயிறும் மடியும் நிறைந்திருக்கட்டும். போகிற வழியெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும். நீ வந்து இந்தக் கதவைத் தட்டும்போது, யார் என்று கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்து திறப்பவள் நானாக இருக்கட்டும்.

இந்த வீட்டிலிருந்து,
உன் அம்மா
நஜ்லா