மீன் பெட்டியில் போன டப்பா

நீ விட்டுப்போன தெர்மாகோல் பெட்டியை இன்று கழுவினேன். சோப்பு போட்டுத் தேய்த்தும் சங்கரா மீன் வாடை போகவில்லை. போகவும் வேண்டாம். நாளைக்கு அது எனக்கு வேண்டும்.

காலையில் சேலையூரில் டாக்டரைப் பார்த்தேன். என் வயதுக்காரர்களுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள்.

"பாட்டி, கொஞ்சம் ரத்தம் எடுத்து அது மேல லேசர் வெளிச்சத்தை அடிப்பாங்க. சிதறி வர்ற வெளிச்சத்தை வெச்சே குடல்ல புத்துநோய் இருக்கான்னு பார்க்கலாம். வைத்தியம் பண்ணப்புறம் திரும்ப வருதான்னும் பார்க்கலாம்."

"அப்ப எடும்மா ரத்தத்தை."

"அது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. இப்போதைக்கு இதுதான்" என்று மலம் எடுத்துவர மூடி போட்ட டப்பாவை நீட்டினாள். உனக்குக் கொடுத்தார்களே, அதே மாதிரி.

கேம்ப் ரோட்டில் என் காய்கறிக் கடைக்குப் பக்கத்தில் நீ மீன் விற்றாய். வெறும் கையால் மீன் குடலை உருவிப் போடுகிறவள், உன் மலத்தில் ரத்தம் போவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாய். "மூலமா இருக்கும்க்கா" என்று ஏதோ சூரணம் தின்றாய். காய் மடிக்கிற பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். அப்படி விட்டுவிடக் கூடாது என்று அதில்தான் படித்திருந்தேன். சண்டை போட்டு உன்னை டாக்டரிடம் அனுப்பினேன்.

மறுநாள் டப்பாவை ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு வந்தாய்.

"இன்னாடி இது?"

"ஐஸ் இல்லாங்காட்டி கெட்டுப்பூடாதாக்கா? வூட்லேர்ந்து பஸ்ல வரணுமில்ல."

"எவனாவது மீனுன்னு வெலை கேக்கப் போறான்" என்றேன். பரிசோதனைக் கூடம்வரை சிரித்துக்கொண்டே நடந்தோம்.

நீ ஐஸை விலக்கி டப்பாவை எடுத்ததும் கவுண்டரில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனாள்.

"ஐயே! மீன் பொட்டிலயா கொண்டாந்தீங்க? வெளிய போங்கம்மா, நாத்தம் தாங்கல!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சென்ட் அடித்துக்கொண்டு வந்த ஒருவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். நான் கத்தினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி மீன் கூவுகிற நீ தலையைக் குனிந்துகொண்டாய். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினாய். வெளியே வந்ததும் டப்பாவை எடுத்து வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாய்.

"வுடுக்கா. இனிமே இந்தப் பேச்சே வோணாம்."

அதற்குப் பிறகு நான் எவ்வளவு இழுத்தும் நீ வரவில்லை. வலி தாங்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நோய் கல்லீரல்வரை பரவியிருந்தது.

அந்த வெளிச்சம் அன்றைக்கே வந்திருந்தால் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருப்பாய். ரத்தத்துக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. சீக்கிரம் வரட்டும். ஆனால் நீ செத்ததற்கு நோய் பாதிதான் காரணம், சுளித்த மூக்குகள் மீதி. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வயிற்றிலும் இருந்தது அதே மலம்தான். அந்த டப்பாமேல் எனக்கு அருவருப்பு இல்லை. அந்த ஜனங்களை நினைத்தால்தான் குமட்டுகிறது.

"வுட்டுத் தொலைம்மா" என்கிறான் என் மகன். விட மாட்டேன்.

நாளைக் காலை என் டப்பாவை உன் பெட்டியில், ஐஸுக்கு நடுவில் வைத்து, அதே கவுண்டருக்கு எடுத்துப் போகிறேன். பெட்டியை நானே திறப்பேன். சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். டப்பாவை அவர்கள் கையில் வாங்கும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.