நாலாம் நம்பர் படம்

என் வாலுத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் நலம். இங்கே ஜெயிலில் போடும் சோறு நீ முதன்முதலில் வடித்ததைவிட மோசமில்லை. உன் நலம் எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

நடந்ததைப் போலீஸ் வாயால்தான் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். நானும் உன் புருஷனும் ஆறு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த சாயம் உனக்குத் தெரியும். கதிர்வீச்சு இருப்பதால் ஸ்கேனில் தெரியும். ஒளிர்வதால், மண்டையைத் திறக்கும் டாக்டரின் கண்ணுக்கும் தெரியும். நல்ல மூளைக்குள் அது நுழையாது. ரத்தக்குழாய் கிழிந்து கசியும் இடத்தில் மட்டும் போய் உட்காரும். நோயில்லாதவர்களுக்குப் போட்டால் படம் இருட்டாக வர வேண்டும். அப்படிச் சிலருக்குப் போட்டுப் பார்த்தோம். எங்களுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், நம்பர் மட்டும்தான்.

நாலாம் நம்பர் படத்தில் மூன்று இடம் பளிச்சென்று எரிந்தது. யாரோ குடித்துவிட்டு விழுந்த ஆள் என்று மாப்பிள்ளை சிரித்தார். நான் திரையில் மண்டை ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம். ஏழு வயதில் உன்னை ஊஞ்சலிலிருந்து தள்ளிவிட்டவன் நான். அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாதா?

அவனுக்கும் தெரிந்துவிட்டது. (மரியாதை இனி வராது, மன்னித்துக்கொள்.) "மெஷின் கோளாறு மச்சான், அழிச்சிடலாம்" என்றான். அதற்குள் கை கீபோர்டுக்குப் போய்விட்டது.

கதிர்வீச்சைத் தடுக்க அடுக்கி வைக்கும் ஈயக் கட்டி பக்கத்தில் இருந்தது. முதலில் அந்தக் கையின் மேல் போட்டேன். விரல்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. அலறி நிமிர்ந்தவன் தாடையில் இறக்கினேன். இரண்டு பல் மேஜையில் தெறித்தது. விழுந்தவனை உதைத்துக்கொண்டே இருந்தேன். எங்களுக்குச் சாய ஊசி போட்டுத் தரும் நர்ஸ் நாற்காலியால் என் முதுகில் அடித்துத்தான் நிறுத்தினாள். புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். பொய். தெரிந்தேதான் அடித்தேன், அடிக்க அடிக்க இனித்தது.

இங்கே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஊசி என்றால் தெருக்கோடிவரை ஓடுகிறவள், நீயாக வந்து ஏன் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாய்? வாயால் சொல்ல முடியாததை என் கண்ணில் படவைக்கத்தானே? நான் உன் வீட்டுக்கு ஓடி வந்து உன்னை அழைத்துப்போயிருக்க வேண்டும். அதை விட்டு அவனை அடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டேனே, முட்டாள் நான்.

வெள்ளிக்கிழமை அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். நீயோ குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்தப் படம் அழியவில்லை. நர்ஸிடம் பத்திரமாக இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் அதை யாருக்கும் காட்ட முடியாது. எனக்காகக் கேட்கவில்லை, என் தண்டனையை நான் அனுபவித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமையே ஒரு பையோடு கிளம்பு. நர்ஸைப் பார், கையெழுத்துப் போடு, நேராக அம்மாவிடம் போய்விடு. கட்டுப் போட்ட கையோடு வருகிறானே என்று மனம் இளகாதே, கண்ணு. இன்னொரு கையை நான் தொடவில்லை.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை முதலில் தள்ளிவிட்ட
அண்ணன்