பெட்டிகள் கப்பலிலேயே வரும்

கிள்ளான்
17 ஏப்ரல்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் நாஜியாவும் சுகம். நீங்களும் உங்கள் கப்பலும் அப்படியே இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறோம்.

போன் போட்டால் பாதிப் பேச்சு வெட்டிக்கொண்டு போகிறது. மீதியில் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதுகிறேன். எழுத்தில் எப்படிச் சிரிப்பீர்கள் என்று பார்க்கிறேன்.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் பங்கு ரெண்டாங் கறியையும் சேர்த்து நாஜியாவே முடித்துவிட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்துதான் இவ்வளவு பசி வருகிறதோ. புது பாஜூ குருங் சட்டை அதற்குள் இறுக்கமாகிவிட்டது என்று என்னோடு சண்டை.

ஒன்று சொல்லட்டுமா? கொஞ்ச நாளாகச் செங்கடல் என்று டிவியில் யாராவது சொன்னாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் ஒரு சரக்குக் கப்பல் பற்றி எரிவதைக் காட்டினார்கள். நாஜியா பார்ப்பதற்குள் வேறு சானலுக்கு மாற்றிவிட்டேன். உங்கள் சுற்றுலாக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிரீசுக்குப் போவது அந்த வழியாகத்தான் என்பது எனக்குத் தெரியாதா? அந்த டிக்கெட்டை விற்பதே எங்கள் டிராவல்ஸ்தானே.

இன்று அந்தப் பயம் தீர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்கு உங்கள் கம்பெனியின் அறிக்கை வந்தது. வட்டாரப் பாதுகாப்பு நிலவரத்தால் பயணத்திட்டம் மாறுகிறதாம். விருந்தினர்களின் பாதுகாப்பே முதல் அக்கறையாம். விருந்தினர்கள் அனைவரும் கொழும்பில் இறங்கி, விமானத்தில் கிரீஸ் போய்ப் பயணத்தைத் தொடர்வார்களாம். முதலாளி என்னைத்தான் எல்லாருக்கும் போன் போட்டு வாசித்துக் காட்டச் சொன்னார். ஒரு ஆன்டி, “பிரமிட் பாக்கத்தானே லா நாங்க காசு கட்டினோம்?” என்று என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். நான் “சாரி ஆன்டி, சாரி ஆன்டி” என்றேனே தவிர, உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் இறங்கிவிடுவீர்கள். கொழும்பு வரை வந்துவிட்டால் வீட்டுக்கு ஒரு எட்டு வந்துபோக விடுவார்களா? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் ரசியா


கப்பலிலிருந்து
18 ஏப்ரல்

அன்பு ரசியா,

வ அலைக்குமுஸ்ஸலாம். ரெண்டாங் போனது போகட்டும். பாஜூ குருங்கைப் பிரித்துத் தைத்துக் கொடு, பிள்ளையைத் திட்டாதே.

இங்கே வேலை எப்போதும் போலத்தான். விருந்தினர்களுக்குச் சமைக்க ஒரு பட்டாளமே இருக்கிறது. எங்கள் ஆட்கள் சாப்பிடும் மெஸ்ஸில் சோறும் கறியும் ஆக்க நானும் நாகையாவும் மட்டும்தான். கேரி தீவுப் பையன் என்று முன்பே சொல்லியிருக்கிறேனே, அவன்தான். அவன் சம்பல் அரைத்தால் பிலிப்பீன்ஸ் பையன்கள் கண்ணீர் வடித்துக்கொண்டே மறுபடி தட்டை நீட்டுகிறார்கள். போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. அவன் மனைவி லோகேஸ்வரிக்கு எஸ்டேட்டை விட்டால் வெளியே யாரையும் தெரியாது. உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கப்பல் விஷயமாக ஏதாவது கேட்டால் பக்குவமாகச் சொல்.

கொழும்பு சமாச்சாரம் இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் எழுதுகிறேன். நீ டிவி பார்ப்பதைக் குறைத்துக்கொள்.

ஜெய்னுதீன்


கிள்ளான்
20 ஏப்ரல்

மச்சான்,

முடிவாகவில்லை என்று எழுதினீர்களே, எது முடிவாகவில்லை? ஒரு பெரியவரின் பெட்டியால் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

சுபாங் ஜெயாவில் குமரப்பன் அங்கிள் என்று ஒருவர். அவரும் மனைவியும் சிங்கப்பூரில் ஏறுகிறார்கள். நேற்று போன் போட்டார். “ஏம்மா, பிளேன்ல அவ்வளவு வெயிட் விட மாட்டானே. எங்ககிட்ட பெரிய பெரிய பெட்டியா இருக்கு. அதையெல்லாம் என்ன பண்றது?” என்றார். நான் உங்கள் கம்பெனிக்குப் போன் அடித்துக் கேட்டேன். பெரிய பெட்டிகள் அறையிலேயே இருக்கட்டும், கப்பலிலேயே பத்திரமாகக் கிரீஸ் வந்துவிடும் என்றார்கள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

“அப்ப கப்பல் அந்த வழியாத்தான் போவுதா? பெட்டிக்கு ஒன்னும் ஆயிடாதே?”

“ஒன்னும் ஆகாது அங்கிள்.”

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டி தானாகவா போகும்? கப்பலை ஓட்ட ஆள் வேண்டும். ஓட்டுகிறவர்களுக்குச் சோறு வேண்டும். சோறு ஆக்க நீங்கள் வேண்டும். விருந்தினர், விருந்தினர் என்று ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டினேனே, என் புருஷன் அதில் சேர்த்தி இல்லை என்பது இந்த மரமண்டைக்கு ஏறவே இல்லை.

ஆபீஸ் கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். முதலாளி என்னவென்று கேட்டார், வயிற்று வலி என்றேன். ரயிலில் கிள்ளான் வந்து சேரும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாடாங் ஜாவாவில் இறங்க வேண்டிய ஒரு அம்மா என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாராம். பக்கத்தில் இருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒளிக்காமல் எழுதுங்கள். போகிறீர்களா? இறங்க வழி இருக்கிறதா இல்லையா?

ரசியா


சிங்கப்பூர்
21 ஏப்ரல்

அன்பு ரசியா,

பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கே பயமாக இருப்பதால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

கம்பெனி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. குறைந்த ஆட்களோடு கப்பலை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விருப்பம் இல்லாதவர்கள் கொழும்பில் இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மெஸ்ஸுக்கு ஒரு சமையல்காரன் போதுமாம். தலைமைச் சமையல்காரர் என்னையும் நாகையாவையும் கூப்பிட்டு, யார் என்று கேட்டார். நாகையா தரையைப் பார்த்தான். நானும் கொஞ்ச நேரம் தரையைத்தான் பார்த்தேன். பிறகு நான் பெயர் கொடுத்துவிட்டேன். மூத்தவன் நான், வேறென்ன செய்வது?

வெளியிலிருந்து யாரும் ஏறிவிடாதபடி கீழ்த்தளத்தில் சுற்றிலும் முள்கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விருந்தினர் அறை ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி வந்து இறங்கியிருக்கிறது. சங்கு ஊதினால் எல்லாரும் ஓடிப்போய் கப்பலின் நடு நடைபாதையில், ஜன்னல் இல்லாத இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நேற்று அப்படி உட்கார்ந்து பழகினோம். வெறும் ஒத்திகைதான் என்று தெரிந்தும், முடிந்த பிறகு நான்தான் கடைசியாக எழுந்தேன். அந்தக் கடலுக்குள் நுழைந்ததும் இணையம் கிடையாது, கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியையும் அணைத்துவிடுவார்களாம்.

கொழும்பு போய்ச் சேரும்வரை, கொடுத்த பெயரை மாற்றிக்கொள்ளலாம். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

ஜெய்னுதீன்


கிள்ளான்
23 ஏப்ரல்

மச்சான்,

நீங்கள் இப்போது கிள்ளானுக்கு நேர் வெளியே கடலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கப்பல்களைக் காட்டும் அந்த ஆப்பை ஆபீசில் பயன்படுத்துவோம், என் போனிலும் போட்டிருக்கிறேன். சின்னதாக ஒரு முக்கோணம். அதுதான் நீங்கள். நாஜியா எட்டிப் பார்த்துவிட்டு, “வாப்பா இவ்ளோ கிட்ட வந்துட்டு ஏன்மா எறங்கல?” என்றாள்.

பெயரை மாற்றுங்கள். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் போகட்டும். நாகையா போகட்டும். நீங்கள் போகக் கூடாது. அவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒரு பெண் காத்திருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாக நான் சாப்பிடவில்லை. சங்கு ஊதுவதும் நீங்கள் ஓடுவதும்தான் கண்ணை மூடினாலும் வருகிறது, திறந்தாலும் வருகிறது.

பெரிய மனுஷத்தனம் எல்லாம் உங்களுக்கு. நாளைக்கு நாஜியாவிடம் வந்து நின்று பதில் சொல்லப்போவது உங்கள் தலைமைச் சமையல்காரர் இல்லை, நான். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்கள் மச்சான். காலில் விழுந்து கேட்கிறேன்.

ரசியா


கொழும்பு
28 ஏப்ரல்

ரசியா,

இறங்கிவிட்டேன். கம்பெனி பிடித்துக் கொடுத்த ஹோட்டலில் இருக்கிறேன். இறங்கியவர்கள் நிறையப் பேர், அதனால் டிக்கெட் ஒவ்வொருவராகத்தான் போடுகிறார்கள். எனக்கு ஐந்தாம் தேதி கிடைத்திருக்கிறது.

நாகையாவிடம் நானே போய்ச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். “சரிண்ணே” என்றான். கத்தியைக் கீழேகூட வைக்கவில்லை. கப்பலை விட்டு இறங்கும் படிவரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது அவன்தான். வேண்டாம் என்று பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை.

ஒரு விஷயம். லோகேஸ்வரியிடம் நானும் கூட இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறானாம். “அது பயப்படும்ணே. அப்படியே இருக்கட்டும்” என்றான். நீயும் அப்படியே விட்டுவிடு. அந்தப் பெண் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு.

நேற்று சாயங்காலம் கப்பல் புறப்பட்டது. துறைமுகம் வரை போய்ப் பார்க்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். நான் போகவில்லை. இந்த ஹோட்டலில் சோறு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் இறங்கவில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். மேற்கொண்டு இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஜெய்னுதீன்


கேரி தீவு
3 மே

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்து யோசிக்க வேண்டாம். நான் லோகேஸ்வரி வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். நாஜியாவும் என்னோடு இருக்கிறாள்.

இறங்கிவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அல்லாஹ்வுக்கு ஷுக்ரு செய்து தொழுதேன். அழுதேன். பிறகு எழுந்துபோய் ஒரு தட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அதை மறைக்க மாட்டேன். இன்றும் எனக்கு அந்தச் சந்தோஷம் இருக்கிறது. அதோடுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அந்த முக்கோணம் காணாமல் போய்விட்டது. கருவியை அணைப்பார்கள் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தும், கடல் வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும் ஆப்பை மூடி மூடித் திறந்து தேடினேன். நீங்கள் அதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை. அந்த நேரத்தில்தான் லோகேஸ்வரி போன் போட்டாள்.

“அக்கா, நேத்து ராவுலேர்ந்து இவரு மெசேஜ் ஒன்னும் வரல. லைன் இருக்காதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. இருந்தாலும் மனசு கேக்கல. ஜெய்னுதீன் அண்ணே கூட இருக்காருல்ல? அதான்க்கா எனக்குத் தைரியம். ஏதாச்சும்னா அண்ணே பாத்துப்பாரு, இல்ல?”

ஆமாம் என்று சொல்லச் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. “நான் நேர்ல வரேன்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லி, கிராப் டாக்சி பிடித்து வந்துவிட்டேன். தீவுப் பாலத்தைத் தாண்டினால் வழி நெடுக எண்ணெய்ப்பனைதான். அடுத்த வளைவில் வீடு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் மச்சான். நீங்கள் முதலில் பெயர் கொடுத்தது, நான் மாற்றச் சொன்னது, நாகையா போகட்டும் என்று அவன் பெயரைச் சொல்லியே எழுதியது, எல்லாம். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, “அப்ப அவரு தனியாவா சமைச்சிக்கிட்டு இருக்காரு?” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நாஜியா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

கப்பலிலிருந்து இன்னும் சேதி இல்லை. கம்பெனிக்கு அடித்தால் எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். காலையில் குமரப்பன் அங்கிள்கூட ஏதென்ஸிலிருந்து மெசேஜ் போட்டிருந்தார், பெட்டி எப்போது வரும் என்று. நான் பதில் போடவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே லோகேஸ்வரி எழுந்துவிடுகிறாள். கூடவே நானும் எழுந்துவிடுகிறேன். சேதி வரும்வரை இங்கேதான் இருப்பேன். அவள் இருக்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

நாளை மறுநாள் நீங்கள் வந்து இறங்கும்போது கிள்ளான் வீடு பூட்டியிருக்கும். விமான நிலையத்திலிருந்து பந்திங் வழியாக வந்தால் இந்த இடம் கிட்டத்தில்தான். என் மேல் கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சற்று முன்பு லோகேஸ்வரி கேட்டாள். “அண்ணே இங்க வருவாராக்கா? படியில நின்னு இவரு கடைசியா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும்.” வருவார் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் ரசியா