மத்தைத் தொடாமல் போகக் கூடாது

டோனிகால், அயர்லாந்து
ஜூன் மாதம்

கிளாஸ்கோவில் இருக்கும் என் அக்காவுக்கு,

நீ ஃபெர்கஸோடு கப்பலேறிய நாளிலிருந்து அம்மாவும் உன் மாமியார் டெலியாவும் தேவாலயத்தில்கூட முகம் பார்த்துக்கொள்வதில்லை. இன்று காலை அம்மா வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தபோது, காணாமல் போன வாத்தைத் தேடிக்கொண்டு டெலியா நம் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டாள்! கடையும் நேரத்தில் வந்தவர் மத்தைத் தொடாமல் போனால் வெண்ணெயும் அவரோடு போய்விடும் என்பார்களே. அம்மா என்ன செய்வாள், பாவம்?

"உள்ள வந்துட்டேல்ல? கையப் போடுடி," என்றாள்.

"உன் வெண்ணெய் யாருக்கு வேணும்? கல்லு மாதிரி இருக்கும்," என்றாள் டெலியா.

"அந்தக் கல்லத்தான் உன் மகன் ரொட்டி முழுக்கத் தடவித் தின்னான்."

டெலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மத்தைப் பிடித்தாள். அம்மாவும் விடவில்லை. இருவரும் சேர்ந்தே அதை நெட்டைப் பீப்பாய்க்குள் ஏற்றி இறக்கினார்கள். பாலாடை சரியான சூட்டில் இருந்தால் வெண்ணெய் தானே திரளும் என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. அதை அந்தச் சமையலறையில் சொல்ல முடியுமா? திரண்டது பார், அப்படி ஒரு மஞ்சள்!

உனக்குக் கொஞ்சம் அனுப்பலாமா என்று கேட்டேன்.

"அங்க போறதுக்குள்ள கெட்டுப்போகும்," என்றாள் அம்மா. "ரெண்டு பேரையும் இங்க வந்து திங்கச் சொல்லு."

எப்போது வருகிறீர்கள்?

உன் தங்கை