கருகிய கார்டு, உடைந்த மூக்கு

என்னங்க,

தம்பி வேணுவைக் கூட்டிக்கொண்டு அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். காலையில் நீங்கள் கீபோர்டால் அடித்ததில் அவன் மூக்கு உடைந்துவிட்டது. ரத்தம் இன்னும் நிற்கவில்லை. நீங்கள் பாட்டுக்குத் தறிப்பட்டறைக்குப் போய்விட்டீர்கள். தரையை நான்தான் கழுவினேன்.

"பாவா, நம்ம பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை இவ்ளோ பெரிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்காது, வேணாம்" என்று அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். "மாட்டுடா, புடவை டிசைன் நாளைக்குத் தரணும்" என்று கத்தியது நீங்கள். ஒயர் தீப்பிடித்துக் கார்டு கருகியதும் அடி மட்டும் அவனுக்கு.

சாயங்காலம் கம்ப்யூட்டர் கடைக்காரர் சாமிநாதன் வருவார். தனி ஒயர் இல்லாமல், மதர்போர்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன கார்டு போதும் என்று சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கருகிய சப்ளையையும் மாற்றச் சொல்லுங்கள். அவரையும் அடித்துவிடாதீர்கள்.

சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு எல்லம்மாள் அக்காவிடம் கொடுங்கள்.

இனி என் தம்பி மேல் கை வைத்தால் அந்தக் கையை உடைப்பேன். தணிகை முருகன் மேல் சத்தியம்.

புஷ்பலதா

பி.கு: மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு ஆட்டோவிலிருந்து வேணு கத்துகிறான்: "அக்கா, தீயை அணைக்கசொல்லோ பாவா கையும் வெந்துபோச்சி. மருந்து எடுத்து வச்சியா?"

களிம்பு மேசை மேல் இருக்கிறது. அவன் கேட்டதால் வைத்தேன்.