எலி நாற்றம் அடித்த பூ

அன்பு மகள் பிரீத்திக்கு,

நகரியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நான்கு தறிகளும் சுகம். அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மிரண்டுபோகாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனில் பேசினால் உன் நைனா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறார், வாட்ஸ்அப்பில் குரலில் அனுப்பினால் தெருவே கேட்கும், டைப் அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. கடிதம் என்றால் கவலையே இல்லை. அவர் இந்த ஆந்திரப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியம், தமிழ் பேசுவாரே தவிர ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நான் திருத்தணியில் படித்ததற்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பிரயோஜனம் வந்திருக்கிறது. இப்போதுகூட அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், செடியைப் பற்றி என்றேன். பொய் இல்லை, செடியைப் பற்றியும்தான்.

என் மூக்கு கதை உனக்குத் தெரியும். கொரோனாவில் போன வாசனை போனதுதான். கேஸ் திறந்து கிடந்தது தெரியாமல் அடுப்படியில் நின்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நாளிலிருந்து உன் நைனாதான் எனக்கு மூக்கு. பால் கெட்டதா, பருப்பு அடிப்பிடித்ததா, எல்லாவற்றுக்கும் தறியை விட்டு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறார். திருப்பதி டாக்டர் இத்தனை நாள் ஆகிவிட்டது, இனி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் வாசலில் இருந்த மல்லிக்கொடியைப் பிடுங்கிப் போட்டேன், பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அதற்குப் பதிலாக இந்தச் சக்குலன்ட் செடிகள், கள்ளி மாதிரித் தடித்த சதைச் செடிகள். கூழாங்கல் மாதிரி ஒன்று, குரங்கு வால் மாதிரி ஒன்று, மொட்டை மாடி முழுக்க வைத்திருக்கிறேன். பார்த்தால் போதும், போட்டோ எடுத்தால் போதும், முகர வேண்டாம். பக்கத்து வீட்டுக் காஞ்சனா வந்து பார்த்துவிட்டு, இன்னாக்கா கல்லுக்குத் தண்ணி ஊத்திக்கினு கீற என்று கேட்டாள். அவளுக்கு ரசனை அவ்வளவுதான்.

எங்கள் செடி குரூப்பில் அருள்குமார் என்று ஒரு பிள்ளை, திருப்பதியில் ரூம் எடுத்துக்கொண்டு ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிறான். அவன்தான் எனக்குப் போனில் மாட்டும் குட்டி லென்ஸ் வாங்கிக் கொடுத்தது. அவன் ஒரு தண்டை ஒடித்துக் கொடுத்து, ஸ்டெபீலியா ஆன்ட்டி, பூ பிரமாதமா இருக்கும், வாசனைதான் கொஞ்சம் ஒரு மாதிரி என்றான். எனக்கு எல்லா வாசனையும் ஒரே மாதிரிதான் அப்பா என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். போன மாதம் அதில் ஒரு மொட்டு பலூன் மாதிரி ஊதிக்கொண்டு வந்தது. மாடியில் வெயில் முகத்தில் அடிக்கிறது, போட்டோ வெளிறிப்போகும். தறிக் கொட்டகை ஜன்னலில்தான் காலையில் வெளிச்சம் இதமாக விழும், அதனால் நூல் மூட்டைக்குப் பின்னால் அந்த ஜன்னலில் தொட்டியைக் கொண்டுபோய் வைத்து, பின்னால் என் கறுப்புப் பாவாடையைத் தொங்கவிட்டேன். மறுநாளே பூத்துவிட்டது. இதோடு பிரின்ட் போட்டு வைத்திருக்கும் போட்டோ அதுதான். மஞ்சள் நட்சத்திரம், உள்ளே சிவப்புக் கோடு, மேலெல்லாம் பூனை முடி. ஈக்கள்கூட வந்து உட்கார்ந்தன, போட்டோவுக்கு உயிர் வந்தது என்று நான் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே கொட்டகையில் நாற்றம் கிளம்பியது. எனக்கு எங்கே தெரியும். உன் நைனா வந்து மூக்கைச் சுருக்கி, எலி செத்துக் கீது, பாவு நூலைக் கடிச்சிருக்கும், தறியை நிறுத்துடா நரசிம்மா என்றார். தறி ஓட்டுகிற நரசிம்மன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தறிக்கு அடியிலும் ஊர்ந்தான். நூல் மூட்டை எல்லாம் தெருவுக்கு வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தறிக்கு அடியில் மண்டியிட்டு எலியைத் தேடினேன். எலி கிடைக்கவில்லை என்றதும் உன் நைனாவுக்குக் காஞ்சனா வீட்டுக் கருவாட்டின் மேல் சந்தேகம் வந்து, போய்க் கேட்டும் விட்டார். அவள் ஜாடியோடு வந்து அவர் மூக்குக்கு நேராகத் திறந்து, இது வாசனை, உங்க கொட்டாயில அடிக்கிறது நாத்தம், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலையாண்ணா என்று கேட்டாள். மனுஷர் கோபத்தில் தெலுங்குக்குப் போய்விட்டார். மறுநாளும் நாற்றம் குறையாமல் போகவே நரசிம்மன், இப்டியே இருந்தா நான் புத்தூர்ல வேல தேடிக்கறேண்ணா என்று சட்டையை மாட்டினான். மாட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவன்தான், ஈ பூரா அக்கா பூ மேலயே குந்திக்கினு கீதே என்றான்.

உன் நைனா போய்க் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு கால்வாயைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, கடைசியாக ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி, நடுத்தெருவில் அவர் கையில் இருந்த தொட்டிக்குள் முகத்தை நுழைத்தேன். அப்போது மூக்குக்குள் ஏதோ தொட்டது. முதலில் தும்மல் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். நாற்றம், பிரீத்தி. நல்ல, அழுகிய, குடலைப் புரட்டுகிற நாற்றம். எனக்கு வருதுங்க என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழுததைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அந்தத் தொட்டிக்கு நடந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். வாசல் பெஞ்சில் நடுநாயகமாக வைத்து, யாராவது எடுக்கச் சொன்னால் பார்த்துக்கொள்கிறேன் என்றார் உன் நைனா. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. காஞ்சனா தினமும் முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு வந்து, இன்னிக்கி நாறுச்சாக்கா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போவாள். நாறியது. ஆனால் அது மட்டும்தான். காபித்தூள், கற்பூரம், பெருங்காயம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டினார், எதுவும் வரவில்லை. பூ வாடி விழுந்தபோது, அவ்வளவுதான், இந்த ஜென்மத்துக்கு எனக்கு விதித்தது ஒரு செத்த எலி என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். நேற்றுத் துவைக்க உன் நைனா சட்டையை எடுத்து உதறினேன், ஏதோ வந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். வியர்வை வந்தது, பாவுக் கஞ்சி வந்தது, அதற்கு மேலாக, சந்தேகமே இல்லாமல், பீடி வந்தது. உன் கல்யாணத்தன்று என் தலையில் கை வைத்து, பீடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த மனுஷர். என் மூக்கு போனதும் தைரியமாகத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார், எனக்காக எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டே. ஆத்திரம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இத்தனை வருஷம் வாசனையே வராமல், பக்கத்தில் இருந்தும் இல்லாதவர் மாதிரி இருந்த மனுஷர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அந்தச் சட்டையை வெகுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தேன். துவைக்கவில்லை. சண்டை கட்டாயம் உண்டு, ஆனால் இந்த வாரம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் முகர்ந்துகொள்கிறேன். அவரோ என் மூக்கு முழுதாகத் திரும்பினால் திருமலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டு, தினமும் கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். பாவம், என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் குறை ஒன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. போனில் நைனாவிடம் பீடியைப் பற்றி மூச்சு விடாதே, பூ அழகாக இருந்தது என்று மட்டும் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
கன்னிகா